முறைத் தண்ணீர்

1972, சித்திரை. எங்கள் குடும்பத்துக்கும் அத்தை குடும்பத்துக்கும் பொதுவான கிணற்றில் மின்மோட்டார் பொருத்தப்பட்டது. மாடு பூட்டி நீர் இறைத்த கவலை கழற்றப்பட்டது.

1974, ஆவணி. தந்தை இறந்தார். தாய் அதற்கு முன்பே இல்லை. நிலம் அண்ணன் பொறுப்புக்கு வந்தது.

1974, ஐப்பசி, கார்த்திகை. மழை போதவில்லை.

1975, பங்குனி. அண்ணன் தம் பங்குத் தண்ணீரை அத்தையின் கணவருக்கு விட்டுக்கொடுத்தார்.

1975, ஆவணி. அத்தை மகளின் திருமணம் நடந்தது. மணமகன் சேத்துப்பட்டைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியர்.

1979, மாசி. அத்தையின் கணவர் இறந்தார்.

1981, வைகாசி. கணவருக்கு ஆரணிக்கு மாற்றல் கிடைத்ததால் அத்தை மகள் தாய்வீட்டுக்குத் திரும்பினாள். தந்தையின் நிலத்தை அவளே பயிரிடத் தொடங்கினாள்.

1984, ஆடி. கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் எரிந்தது. பழுது பார்க்கப்பட்டது.

இவ்வாண்டு, தை. அறுப்பு முடிந்த பின் அண்ணன் இறந்தார்.

நிகழ்ந்தவை இவ்வளவே. இவற்றைக் கால வரிசையில் எழுதிவிட்டால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று எண்ணினேன். நிற்கவில்லை. எழுதிய தாளை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன், ஒரு வரியைத் திருத்தினேன், மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டேன். அண்ணன் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொரு நாற்காலிக்குப் போகிறேன். போன பிறகு, எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன்.

ஆரணியில் நான் குடியிருக்கும் தெருவில் விடிந்ததும் தறிகள் தொடங்கிவிடும். சேத்துப்பட்டுச் சாலையில் அந்த ஓசை தேய்ந்து முடிகிற இடத்தைத் தாண்டிச் சற்று நடந்தால் எங்கள் கழனி. வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தை குடும்பத்தின் கழனி. இரண்டுக்கும் நடுவில் கிணறு. ஒரு நாள் தண்ணீர் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. இதற்கு முறை என்று பெயர். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. முறைக்கு உரியவர் தம் வாயால் விட்டுக்கொடுத்தாலன்றி மற்றவர் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை. கழனி வெடித்தாலும் தொடுவதில்லை.

இப்போது பங்குனி. அண்ணனின் நிலம் எனக்கு வந்துவிட்டது. நான் பயிரிடப் போவதில்லை. இந்த வயதில் இயலாது. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் மோட்டார் சும்மா இருக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கத்தில் அத்தை மகளின் நவரைப் பருவ நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரும் தறுவாயில் நிற்கிறது. இந்த ஆண்டு வெயிலுக்கு அதற்கு வேண்டிய தண்ணீரில் பாதிதான் கிடைக்கிறது. தாள் நுனிகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. நான் போய் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் அண்ணனின் பங்கும் அவள் கழனிக்குப் பாயும். அதைச் சொல்வதற்காகவே நாள்தோறும் காலையில் நடந்து போகிறேன். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் இலக்கணம் கற்பித்தவன் நான். ஒரு சொல் பல பொருளைக் குறிப்பதற்கு ஆண்டுதோறும் எடுத்துக்காட்டுகள் சொன்னேன். எங்கள் கிணற்றடியில் கிடந்த எடுத்துக்காட்டை ஒருபோதும் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை. அந்தச் சொல்லின் மற்றொரு பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தை மகள் அண்ணனுக்கு முறைப்பெண். எழுத உட்கார்ந்தால் தலைமுறை, விடுமுறை, நடைமுறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அச்சொல் எதிரே வந்து நிற்கிறது. இயன்றவரை அதை விலக்கி எழுதுகிறேன்.

அண்ணன் உட்கார மாட்டார். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு நின்றவாறே உண்பார். ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வானொலியில் விவசாய நிகழ்ச்சி வந்தால் அறிவிப்பாளரோடு சண்டை பிடிப்பார். "பூச்சி மருந்து அடின்றான். இவன் வந்து அடிப்பானா? குளுகுளு ரூம்ல உக்காந்துகினு பேசறான்." ஆடு மேய்ப்பவர்களோடு அவருக்கு நிரந்தரப் பகை. கரும்பு போட்டார், வெல்லம் காய்ச்சினார், அது சரிவரவில்லை என்று அழித்துவிட்டு நெல்லுக்கே திரும்பினார். எருதுகளிடம் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். மனிதர்களிடம் அவ்வளவு பொறுமை கிடையாது. மண்வெட்டி கையில் இல்லாத நேரத்தில் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்ததேயில்லை. நிழற்படம் எடுக்க நிறுத்தினால் யாரோ கடன் கேட்டதுபோல் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

அவருக்கும் அத்தை மகளுக்கும் திருமணம் என்பது யாரும் பேசி முடிவு செய்த ஒன்றல்ல. பேசத் தேவையில்லாத ஒன்றாக இருந்தது. தந்தை இறந்த ஆண்டில் நல்ல காரியம் கூடாது என்று அண்ணன் அப்பேச்சை எடுக்கவில்லை. அத்தையின் கணவரை நாங்கள் மாமா என்போம். வெட்கமும் ரோசமும் கலந்த மனிதர். தாமாகக் கேட்க மாட்டார். பையனுக்கு விருப்பமில்லை போலும் என்று அவர் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தப் பங்குனியில் கிணற்று நீர் மிகவும் கீழே போய்விட்டது. குழாயை நீட்டுவதற்காக ஆரணியிலிருந்து மோட்டார் மெக்கானிக் வந்திருந்தார். கல்லூரி அடைத்திருந்ததால் நானும் கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். அண்ணன் அந்த ஆண்டு நெல் நடவில்லை. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலை மட்டும் போட்டிருந்தார். மாமாவின் நெல்லோ பொதி கட்டியிருந்தது. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்த அண்ணன், கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் சொன்னார்.

"அண்ணே, போற வழியில மாமா வூட்டாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நான் முறைய வுட்டுட்டேன், இனிமே அவரே பாத்துக்கட்டும்னு சொல்லு."

"பக்கத்துலதான கீறாரு. நீயே போயி சொல்றது."

"நான் போனா வேணாம்பாரு. நான் வேணும்பேன். ரெண்டு பேரும் வேணும் வேணாம்னுகினு நிப்போம். அதுக்குள்ள கரண்டு பூடும். ஜல்தியா போடச் சொல்லு. உட்டா அப்பால கிடைக்காது."

"உன் மல்லாட்ட?"

"அது தாங்கும். நெல்லு தாங்காது."

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு எந்தப் பிழையும் தோன்றவில்லை. கிணற்று மேட்டில் நின்றுகொண்டு சொல்லும்போது அச்சொல்லுக்குத் தண்ணீரைத் தவிர வேறு பொருள் இல்லை. மெக்கானிக் அதைச் சைக்கிளில் வைத்து எடுத்துப் போனார். சொல் போயிற்று. பொருள் கிணற்றடியிலேயே நின்றுவிட்டது.

மாமா வீட்டில் அப்போது நடந்ததை அத்தை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். சேத்துப்பட்டிலிருந்து பெண் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்துக் காப்பி கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டாராம்: "பொண்ணுக்கு முறைப்பையன் ஒருத்தன் பக்கத்துலயே கீறானாமே? நாளைக்கு அவன் வந்து பேஜார் பண்ணா நாங்க இன்னா பண்றது?"

அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. மெக்கானிக் இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்.

"பெரியவரே, கீறீங்களா? ஒங்க மாப்ள முறைய வுட்டுட்டாராம். இனிமே நீங்களே பாத்துக்கினு போங்கன்னாரு. ஜல்தியா பண்ணணுமாம். உட்டா அப்பால கிடைக்காதாம்!"

சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். சேத்துப்பட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தாராம். "நாங்க கோயில்ல பூ போட்டு வாக்கு கேட்டோம். இங்க வாக்கு சைக்கிள்ல வருதே!"

மாமாவின் முகம் சுருங்கியது என்று அத்தை சொல்வார். தாம் உள்ளுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு சரியாகிவிட்டது. அதுவும் அயலார் முன்னிலையில், ஒரு மெக்கானிக்கின் வாயால். வேண்டாம் என்றவனிடம் போய் ஏன் என்று கேட்கிற மனிதரல்லர் அவர். அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பினார். மாமா வராததைக் கண்டு தாமே ஸ்டார்ட்டரைப் போட்டுத் தண்ணீரை மாமாவின் கழனிக்குத் திருப்பிவிட்டார். மாமாவோ அதற்கும் ஒரு பொருள் கண்டார். பெண்ணை வேண்டாமென்ற உறுத்தலால் பையன் தண்ணீர் விடுகிறான் என்று எண்ணிக்கொண்டார்.

சில நாள் கழித்து, வெயில் ஏறுவதற்கு முன், மாமா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். அண்ணன் கால்வாயில் இறங்கி மடை திருப்பிக்கொண்டிருந்தார். முழங்கைவரை சேறு.

"மாப்ள, கைய கழுவிகினு மேல வா."

அண்ணன் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மாமா, தண்ணிக்கு எல்லாம் தட்டு வெக்கிறியா? அறுப்பு ஆனதும் புது அரிசியில பொங்கி ஒரு வாய் போடு. போதும்."

"தண்ணிக்கு இல்லடா. முறைய வுட்டுட்டேன்னு நீதான ஆள் அனுப்பிச்ச? சேத்துப்பட்டுக்காரங்களாண்ட வார்த்த குடுத்துட்டேன். உன் கையில வெத்தல வெக்காம பொண்ண வெளிய அனுப்பறது நம்ம வழக்கம் இல்ல." பிறகு தணிந்த குரலில், "தண்ணி வேற வுட்டுகினு கீற. பொண்ணு வேணாம்னதுக்கு மனசு கேக்கலன்னு புரியுது. நான் ஒண்ணும் வெச்சுக்கல. நீயும் வெச்சுக்காத" என்றார்.

அண்ணனின் முகத்தில் முந்தைய சிரிப்பு எடுக்க மறந்த பொருள்போல் சிறிது நேரம் இருந்தது. அவர் மாமாவைப் பார்க்கவில்லை. கால்வாயைப் பார்த்தார், அது போய்ச் சேர்கிற நெல்லைப் பார்த்தார். பிறகு மேலே ஏறி, குழாயிலிருந்து விழும் நீரில் கையைக் கழுவினார். சேறு போன பிறகும் கழுவிக்கொண்டேயிருந்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கட்டும் மாமா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "கடைமடைக்குத் தண்ணி ஏறுதா, பாத்தியா?" என்று கேட்டார்.

மாமா போன பிறகு பகல் முழுதும் அவர் செதுக்கி முடித்த வரப்பையே மீண்டும் செதுக்கினார். மாலையில் தட்டைக் கையில் ஏந்தி வாசற்படியில் நின்று உண்டுகொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"நீ தண்ணியத்தானே சொன்ன?"

"ஆமா."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? தண்ணி வுட்டுகினு கீறேன், பொண்ணக் குடுன்னா? நெல்லு கதிர் வாங்கற நேரத்துல கேட்டா அவரால இல்லன்னு சொல்ல முடியுமா? அதுக்குப் பேரு கேக்கறதா?"

"அப்படின்னா தண்ணிய நிறுத்திட்டு, அப்புறம் போயி கேளு."

அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தார். "நெல்லு இன்னாடா பண்ணுச்சு?" என்றார்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு மீண்டும் கழனிக்குப் போய்விட்டார். அத்தை மகளின் விருப்பம் என்ன என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேறு எவருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

மாமாவின் நெல் தேறியது. அண்ணனின் மல்லாட்டை பாதிக்கு மேல் காய்ந்துபோயிற்று. திருமணப் புடைவை எடுக்க, தமக்கு நிறம் பார்க்கத் தெரியாது என்று மாமா அண்ணனையே துணைக்கு அழைத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் கடைக்குப் போவதில்லை. நெசவாளர் வீட்டுக்கே போய், தறியிலிருந்து இறங்கியதை எடுப்பார்கள். நெசவாளர் புடைவைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தார். அண்ணன் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, அரக்கு நிறத்தில் ஒன்றைக் காட்டினார்.

"நல்ல கண்ணு ஒங்களுக்கு. மாப்பிள்ளை நீங்கதானா?" என்று கேட்டார் நெசவாளர்.

"நான் தண்ணி கட்றவன்" என்றார் அண்ணன். நெசவாளர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்ததாகவே நினைவு.

பிறகு அண்ணனுக்குப் பெண் கொடுக்கச் சிலர் வந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம். தேசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். எல்லோருக்கும் ஒரே பதில்: "அறுப்பு முடியட்டும்." அறுப்பு முடிந்ததும் உழவு, உழவு முடிந்ததும் நடவு. "உன் கழனியில அறுப்பு முடியறதுக்குள்ள எங்க பொண்ணுக்கு நரைச்சுப் பூடும்" என்று தேசூர்க்காரர் ஒருவர் எழுந்து போனார். அண்ணன் அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அப்பேச்சு தானாக நின்றுபோயிற்று. எனக்குத் திருமணமாயிற்று, வெளியூர்க் கல்லூரிகளில் வேலை, ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே நான் அந்தக் கழனியைப் பார்த்தேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் இடைவெளி விட்டுப் பார்த்தவனின் நினைவு.

1981இல் அத்தை மகள் திரும்பி வந்தாள். அவள் கணவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எதுவுமில்லை. மென்மையானவர். கழனியில் கால் வைக்கமாட்டார். சேறு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நிலத்தை அவளே பார்த்தாள். ஆக, அதே கிணறு; ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் அவளுக்கு. விடியும் நேரத்தில் ஒருவர் மோட்டாரை நிறுத்த, மற்றவர் போட வேண்டும். மின்சாரத்தை நம்ப முடியாத காலம். ஒருவர் நாளில் நின்றுபோனால் அது அவர் தலையெழுத்து. அடுத்தவர் பங்கில் ஈடு கேட்க முடியாது.

"இன்னா மாமா, உன் முறைக்கு மட்டும் கரண்டு ஓடியாருது. என் முறைன்னா படுத்துக்குது. லைன்மேனு உனக்குச் சொந்தமா?" என்பாள் அவள். அண்ணனை அவள் சிறு வயதிலிருந்தே மாமா என்றுதான் அழைப்பாள்; என்னைச் சின்ன மாமா என்பாள்.

"லைன்மேன் ஏன் எனக்குச் சொந்தமாவறான்? நீதான் வாத்தியார் பொண்டாட்டி. கரண்ட பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெய்யி."

"வாத்தியாருக்கு ஃபியூஸு கம்பி மாத்தவே பயம். கரண்டத் தொடுவாராக்கும்."

இருவரும் இப்படி வம்பு பேசுவார்கள். அவள் வந்த பிறகு அண்ணனின் நடை சற்று நிதானப்பட்டிருந்தது என்று நான் எண்ணினேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

1984 ஆடியில் காயில் எரிந்தது. அதே மெக்கானிக் வந்தார். தலை நரைத்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. பம்ப் ஷெட்டில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டே, தான் பார்த்த கிணறுகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவளுடைய நாள். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலிருந்து அவருக்கு விளக்குப் பிடித்திருந்தேன்.

"ஒங்க அப்பா காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சும்மா. கிணத்துல தவளைக்குக் கூடத் தண்ணி இல்ல. இந்த மனுசன் தன் மல்லாட்டயக் காய வுட்டுட்டு, தண்ணி முறைய ஒங்கப்பாவுக்கு வுட்டாரு. நான்தான் சைக்கிள்ல வந்து ஒங்க வூட்டாண்ட சொல்லிட்டுப் போனேன். யாரோ விருந்தாளிங்க கூட இருந்தாங்க. இந்தக் காலத்துல எவன்மா வுடுவான்?"

கிணற்றுக்குள்ளிருந்து அண்ணன் ஸ்பானர் கேட்டார். நான் இறக்கிக் கொடுத்தேன்.

"ஏண்ணே," என்றாள் அவள். "அன்னிக்கி எங்க வூட்டு வாசல்ல தண்ணின்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா பூடும்?"

"இன்னாம்மா சொல்ற?"

"ஒண்ணுமில்ல. காயில ஒழுங்கா சுத்து."

அவள் வரப்பேறிப் போய்விட்டாள். கிணற்றுக்குள் குரல் நன்றாகவே எட்டும். அண்ணன் மேலே வந்தபோது அவருக்குக் கேட்டதா என்று என்னால் அறிய முடியவில்லை. முகம் முழுதும் ஈரம். கிணற்றிலிருந்து வருகிறவருக்கு அது இயல்பு.

அதன் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது என் தொழில் சார்ந்தது. அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது இருவர் பேச்சிலும் அந்தச் சொல் இல்லை. "இன்னிக்கி உன் நாளு மாமா" என்றாள் அவள். "நாளைக்கு உன் நாளு, ஜல்தியா வா" என்றார் அவர். ஒருவர் மாற்றி மற்றவர் பின்பற்றினாரா, இருவரும் ஒருங்கே மாற்றினார்களா, தெரியாது. எங்கள் சுற்று வட்டாரத்தில் எல்லாக் கிணற்றிலும் முறைதான். எங்கள் கிணற்றில் மட்டும் நாள்.

அப்படியே ஆண்டுகள் போயின. டிராக்டர் வந்தது, எருதுகள் போயின. கூலிக்கு வந்தவர்களில் பலர் நகரத்துத் தறிகளுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஓர் ஆண்டும் நிலத்தைத் தரிசு போடவில்லை. இந்தத் தையில், அவர் நாள் முடிந்து அவள் நாள் தொடங்குகிற விடியலில், அவள் மோட்டார் போட வந்தாள். அண்ணன் பம்ப் ஷெட்டின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதே தெரிந்துவிட்டது என்று பின்னர் என்னிடம் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்று காலையும் போனேன். இன்று அண்ணனுடைய நாள். வாக்கியத்தை வழி நெடுகச் செதுக்கிக்கொண்டே நடந்தேன். "அண்ணன் முறையை உனக்கே விட்டுவிட்டேன்." இதைச் சொல்ல இயலாது, இதே வாக்கியம் ஒரு தடவை அந்த வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறது. அவர்கள் கண்டெடுத்த சொல்லைக் கொண்டு சொல்லலாம் என்றால், "அண்ணன் நாள் முடிந்தது" என்றல்லவா தொடங்க வேண்டும். அதையும் என் வாயால் சொல்ல இயலாது. தண்ணீரை நீயே எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னால் போதும். சிறு பிள்ளைகூடச் சொல்லும். அதைச் சொன்னால் அவர் இல்லை என்பது தீர்மானமாகிவிடும். கிணற்று மேட்டை அடைந்தபோது என்னிடம் ஒரு வாக்கியமும் மிஞ்சவில்லை.

ஆகவே சொல்லில்லாமல் செய்துவிடலாம் என்று தோன்றியது. பம்ப் ஷெட்டைத் திறந்து ஸ்டார்ட்டரைப் போட்டேன். தண்ணீர் வந்தது. எந்த மடையைத் திறந்தால் அவள் கழனிக்குப் போகும் என்று நான் கால்வாயோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓசை கேட்டு அவள் வந்துவிட்டாள். தோளில் மண்வெட்டி. அவளுக்கும் வயதாகிவிட்டது, வரப்பில் ஏறும்போது முழங்காலில் கை வைத்துக்கொள்கிறாள்.

"சின்ன மாமா, பயிர் வெக்கப் போறியா?" என்று கேட்டாள்.

"இல்லை. சும்மா போட்டுப் பார்த்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் கால்வாயை நிறைத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் அவளுடைய நெல். நுனி மஞ்சளானது, அவள் ஒவ்வொரு தாளாக அறிந்தது. மறுபக்கம் அண்ணனின் அறுத்த கழனி, தாள்கட்டைகளோடு வெடித்துக் கிடந்தது. நான் வாயைத் திறந்தேன். "வெயில் அதிகம்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

பிறகு குனிந்து, இரண்டு வெட்டில் மண்ணை எடுத்து, அண்ணனின் கழனிக்கு மடையைத் திறந்துவிட்டாள்.

"மாமா நாளு" என்றாள். "அதுக்கே போவட்டும்."

வெறும் நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு இருவரும் நின்றோம். பின்னர் அவள் தன் பக்கம் போனாள். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தாயிற்று.

செய்யாமல் கிடப்பவை:

மின் இணைப்பை அண்ணன் பெயரிலிருந்து மாற்றுதல்.

கிணற்றின் மேற்குக் கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த கற்களைப் பூசுதல்.

பிடி மாற்றத் தச்சரிடம் அண்ணன் கொடுத்திருந்த மண்வெட்டியை வாங்கி வருதல்.

பரணில் உள்ள மல்லாட்டை விதையை யாருக்கேனும் கொடுத்தல்; ஆடிக்கு மேல் தாங்காது.

அவளிடம் சொல்லுதல். நாளை அவளுடையது. நாளை மறுநாள், விடிவதற்குள்.